தவிட்டு மனிதரும் என் வயிறும்

போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் அம்மா யாரிடமோ "இவனுக்கு ஐபிஎஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தூரத்துப் பெரியப்பா ஒருவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நாப்பத்தஞ்சு வயசுல எப்படிப்பா பரீட்சை எழுத விட்டாங்க?" என்று கேட்டார். தமிழில் எழுதினால் போலீஸ் உத்தியோகத்துக்கும் கோளாறு பிடித்த குடலுக்கும் ஒரே எழுத்துகள்தான். பந்தியில் நான் சாம்பாரையும் கூட்டையும் ஒதுக்கிவிட்டு வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

இந்த ஐபிஎஸ், 'இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்'. ஸ்கோப் போட்டுப் பார்த்தால் குடல் சுத்தமாக இருக்கும். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் வராது. ஆனால் வயிறு வலிக்கும், உப்பும். சில நாள் ஓட வைக்கும், சில நாள் உட்கார வைத்து ஏமாற்றும். சாவு பயம் இல்லாத வியாதி என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஓஎம்ஆரில் கம்பெனி பஸ்ஸில் மாட்டிக்கொண்டவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

எனக்கு இது 20 வருஷப் பழக்கம். புதிதாக வந்து சேர்ந்தது எடை. ஆபீஸ் வருடாந்திரப் பரிசோதனையில் 94 கிலோ, ஈரலில் கொழுப்பு, சர்க்கரை எல்லைக்கோட்டில். பத்து கிலோ குறைக்கச் சொன்னார்கள். உணவு ஆலோசகர் ஒரு சார்ட் கொடுத்தார். காலையில் ஓட்ஸ், அதில் இரண்டு ஸ்பூன் கோதுமைத் தவிடு, கூட ஒரு ஆப்பிள். 11 மணிக்கு ஒரு கிண்ணம் தர்பூசணி. மதியம் இரண்டு சப்பாத்தி, காலிஃபிளவர், பச்சை வெங்காயம் போட்ட சாலட். சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல். நடுவில் பசித்தால் சர்க்கரை இல்லாத சூயிங்கம். அந்த ஆலோசகர் மேல் எனக்கு வருத்தமில்லை. எடை குறைக்க இது நல்ல சார்ட்தான். இதே சார்ட்டில் என் மனைவி ஆறு கிலோ குறைந்தாள்.

நான் ஒன்பது நாள் தாங்கினேன். பத்தாவது நாள் மீட்டிங்கில் இருந்து மூன்று தடவை எழுந்து போனேன். அன்று ராத்திரி தயிர்சாதத்துக்குத் திரும்பினேன், எடையும் திரும்பியது. ஆறு மாதம் கழித்து மறுபடி. அதற்கப்புறம் இன்னொரு தடவை. மூன்றாவது தடவைக்குப் பிறகு எனக்கு மனஉறுதி இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். வீட்டிலும் யாரும் மறுத்துப் பேசவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வரி கோடு திரும்பத் திரும்பத் தொல்லை கொடுத்தால், அதை யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம். பெரும்பாலும் அப்போது அதற்கு ஒரு நல்ல காரணம் இருந்திருக்கும். அந்தச் சார்ட்டையும் அப்படிப் பார்க்கலாமே என்று தோன்றியது. முக்கியமாக அந்தத் தவிடு. சின்ன வயசில் "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று சொல்லிச் சொல்லியே பாட்டி என்னை அழ வைப்பாள். எங்கள் ஊரில் தவிடு என்றால் மாட்டுக்குப் போவது. அது எப்படி ஆஸ்பத்திரிச் சார்ட்டுக்குள் வந்தது?

(நான் டாக்டர் இல்லை, பி.இ. படித்தவன். பழைய மருத்துவக் கட்டுரைகளைத் தேடிப் படிக்கிற கெட்ட பழக்கம் மட்டும் உண்டு. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.)

தவிட்டுக்கு முந்தைய காலத்தில் மருத்துவ ஆலோசனை நேர் எதிராக இருந்தது. பெருங்குடலில் கோளாறு என்றால் சக்கை இல்லாத சாப்பாடுதான். தோல் நீக்கியது, குழைய வேகவைத்தது, வெள்ளை ரொட்டி. நார் குடலை உராய்ந்து புண்ணாக்கும் என்று 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி டாக்டர்கள் நம்பினார்கள்.

அதைத் தலைகீழாகப் புரட்டியவர்களில் முதல் ஆள் டி. எல். கிளீவ், பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது 'கிங் ஜார்ஜ் 5' என்ற போர்க்கப்பலில் இருந்தார். மாதக்கணக்கில் கடலில் கிடந்த மாலுமிகளுக்கு மலச்சிக்கல். கிளீவ் மூட்டை மூட்டையாகத் தவிடு வரவழைத்துச் சாப்பிட வைத்தார். சிக்கல் தீர்ந்தது, அவருக்குத் 'தவிட்டு மனிதர்' என்று பட்டப்பெயரும் கிடைத்தது.

கிளீவ் அதோடு நிற்கவில்லை. 1966-இல் வந்த அவருடைய புத்தகம் 'டயபிடிஸ், கரோனரி த்ராம்போசிஸ் அண்ட் தி சாக்கரின் டிசீஸ்'. சர்க்கரையும் வெள்ளை மாவும் சேர்ந்து உண்டாக்குகிற ஒரே பெரிய வியாதி இருக்கிறது. உடல் பருமன், நீரிழிவு, வயிற்றுப் புண், மலச்சிக்கல் எல்லாம் அதன் கிளைகள் என்பது அவர் வாதம். பருமனும் குடல் கோளாறும் ஒரே வேரில் முளைத்தவை என்றால் இரண்டுக்கும் மருந்தும் ஒன்றுதானே? என் சார்ட்டின் முதல் வரி இங்கேதான் எழுதப்பட்டது என்று நினைக்கிறேன்.

கிளீவை அப்போது பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளவில்லை. அவருடைய கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் டெனிஸ் பர்கிட். அயர்லாந்துக்காரர், சின்ன வயசில் ஒரு கண்ணை இழந்தவர், உகாண்டாவில் அறுவை மருத்துவராக இருந்தவர். ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வருகிற ஒரு புற்றுநோயை 1958-இல் விவரித்தார், அது இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தப் புகழோடு லண்டன் திரும்பியவருக்கு, புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை நிறுவிய ரிச்சர்ட் டால், கிளீவைப் பற்றிச் சொன்னார். பர்கிட் பிடித்துக்கொண்டார். உகாண்டாவில் அவர் பார்க்காத வியாதிகளின் பட்டியல் ஒன்று அவரிடம் இருந்தது: குடல்வால் அழற்சி, மூலம், பெருங்குடலில் பை விழுதல், பெருங்குடல் புற்றுநோய். இங்கிலாந்தில் இருக்கிறது, அங்கே இல்லை. ஏன்?

1972-இல் அவர் வாக்கர், பெயின்டர் என்ற இருவரோடு சேர்ந்து 'லான்செட்'டில் எழுதிய கட்டுரையில் ஒரு அட்டவணை இருக்கிறது. யார், என்ன சாப்பிட்டார்கள், உள்ளே போனது வெளியே வர எத்தனை மணி நேரம், ஒரு நாள் மலத்தின் எடை எவ்வளவு. பிரிட்டிஷ் கடற்படையினரும் மனைவிகளும்: சுமார் 83 மணி நேரம், 104 கிராம். உகாண்டா கிராமத்தார்: சுமார் 36 மணி நேரம், 470 கிராம். நடுவில் ஒரு வரியில் நம் ஆட்கள், தென்னிந்திய நர்சுகள் 13 பேர்: 44 மணி நேரம், 155 கிராம். யார் அந்த 13 பேர், எந்த ஊர், இந்த ஆராய்ச்சிக்கு அவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தார்கள் என்பதெல்லாம் எனக்கு இன்றுவரை குறுகுறுப்பு.

இந்த அட்டவணையைப் பார்த்து உலகமே மயங்கியதில் ஆச்சரியமில்லை. ஆனால் கொஞ்சம் நின்று பாருங்கள். கடற்படை வரியில் 15 பேர். உகாண்டா கிராம வரியிலும் 15 பேர். அந்தக் கிராமத்தார் நாள் முழுக்க நடந்தார்கள், உழைத்தார்கள், சர்க்கரையைப் பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் விட முக்கியம், அவர்கள் தவிடு சாப்பிடவில்லை. உகாண்டாவில் சாப்பாடு என்றால் வேகவைத்த வாழைக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மரவள்ளி, பீன்ஸ். அவர்களுடைய நார் முழு உணவுக்குள் இருந்த நார். பிரிட்டனுக்கு வந்து சேர்ந்ததோ கோதுமையிலிருந்து உரித்துப் பொட்டலம் கட்டிய தவிடு. 'நார்ச்சத்து' என்ற ஒரே சொல் இரண்டையும் மூடிவிட்டது.

அடுத்த இடம் பிரிஸ்டல். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் அங்கேதான் இருக்கிறார். கென்னத் ஹீட்டன், பிரிஸ்டல் பல்கலைக்கழக மருத்துவர். மலத்தை ஏழு வகையாகப் பிரித்துப் படம் போட்ட ஒரு அட்டவணை குடல் டாக்டர் அறைகளில் தொங்குமே, அந்த 'பிரிஸ்டல் ஸ்டூல் சார்ட்' 1997-இல் இவரும் லூயிஸும் செய்தது. ஓய்வுக்கு அப்புறம் ஷேக்ஸ்பியர் பாத்திரங்கள் உணர்ச்சி மிகுதியில் எப்படியெல்லாம் மயங்கி விழுகிறார்கள் என்று 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்'லில் எழுதினார். ஒரு குடல் டாக்டர் ஷேக்ஸ்பியரைப் பற்றி எழுதலாம் என்றால் ஒரு மென்பொருள்காரன் குடலைப் பற்றி எழுதினால் தப்பில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

1973-இல் ஹீட்டன் லான்செட்டில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். சாரம் இதுதான்: நார் என்பது உடலுக்குள் கலோரி போவதற்கு ஒரு தடை. மெல்ல வேண்டியிருக்கிறது, அதனால் வேகம் குறைகிறது. வயிற்றில் இடத்தை அடைக்கிறது. கொஞ்சம் சத்தை உறிஞ்ச விடாமலும் செய்கிறது. அதை எடுத்துவிட்டால் ஆள் தனக்குத் தெரியாமலே அதிகம் தின்பான். 1977-இல் அதைச் சோதித்தும் பார்த்தார்கள். பத்துப் பேருக்கு ஒரே அளவு மாவுச்சத்து, மூன்று வடிவத்தில்: முழு ஆப்பிள், ஆப்பிள் கூழ், ஆப்பிள் ஜூஸ். முழு ஆப்பிளைத் தின்பதைவிட 11 மடங்கு வேகத்தில் ஜூஸ் உள்ளே போனது. வயிறு நிறைந்த உணர்வு முழு ஆப்பிளுக்கு அதிகம், கூழுக்குக் குறைவு, ஜூஸுக்கு இன்னும் குறைவு. ஜூஸ் குடித்தவர்களுக்கு இன்சுலினும் கூடுதலாக ஏறியது. எவ்வளவு எளிமையான சோதனை! எடை குறைக்கிறவர்களுக்கு "ஜூஸ் வேண்டாம், பழமாகச் சாப்பிடுங்கள்" என்று இன்று எல்லோரும் சொல்வதற்குப் பின்னால் இந்தப் பத்துப் பேரும் இருக்கிறார்கள்.

அதே 1977, அதே லான்செட், அதே ஹீட்டன் குழு. இன்னொரு கட்டுரை. ஐபிஎஸ் நோயாளிகள் 26 பேர், ஆறு வாரம், ஒரு பாதிக்குக் கோதுமை நார் அதிகம், மறுபாதிக்குக் குறைவு. நார் அதிகம் எடுத்தவர்களுக்கு வலி குறைந்தது, மலம் சீரானது. அடுத்த வருஷம் இதே கூட்டம், இந்த வியாதியைப் பரிசோதனைகளால் மற்றதையெல்லாம் விலக்கிக்கொண்டே வந்து கடைசியில் பெயர் வைக்காமல், அறிகுறிகளை வைத்தே நேராகக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டது. மலம் கழித்தால் குறைகிற வலி, வலி வரும்போது மலம் இளகுவது, வயிறு கண்ணுக்குத் தெரிய உப்புவது, கழித்தும் முடியாத உணர்வு. மேனிங் பட்டியல் என்று பெயர். என் டாக்டர் என்னிடம் கேட்ட கேள்விகள் கிட்டத்தட்ட அவைதான்.

ஆக எடைக்கு நார், ஐபிஎஸ்ஸுக்கு நார். இரண்டும் ஒரே ஊரில், ஒரே வருஷத்தில், ஒரே பத்திரிகையில், ஒரே ஆள் பெயரோடு. இவை சேர்ந்தே ஊர் சுற்றியதில் என்ன ஆச்சரியம்?

சேர்த்துக் கல்யாணமே பண்ணி வைத்தவர் ஆட்ரி ஐட்டன். பிரிட்டனில் 'ஸ்லிம்மிங்' என்ற எடைக்குறைப்புப் பத்திரிகையைத் தொடங்கியவர். 1982-இல் அவர் எழுதிய 'எஃப்-பிளான் டயட்' லட்சக்கணக்கில் விற்றது. ஒரு நாளைக்கு 1000 முதல் 1500 கலோரி, அதற்குள் 35 முதல் 50 கிராம் நார். தவிட்டுத் தானியம், முழுக்கோதுமை ரொட்டி, தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு, டப்பா பீன்ஸ். எடை குறைந்ததா என்றால் குறைந்தது. கூடவே வந்த வாயுவைப் பற்றி பிரிட்டிஷ்காரர்கள் இன்னும் ஜோக் அடிக்கிறார்கள். ஆரோக்கியமான குடலுக்கு அது ஜோக். என் மாதிரி குடலுக்கு?

அதற்கான பதில் 1982-க்கு முன்னாலேயே ஒரு மூலையில் வந்திருந்தது. 1976-இல் டென்மார்க்கில் ஒரு குழு ஐபிஎஸ்காரர்களுக்குப் பிஸ்கட் செய்து கொடுத்தது. பாதிப்பேர் பிஸ்கட்டில் தவிடு, பாதிப்பேர் பிஸ்கட்டில் இல்லை. எது எவரிடம் என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. முடிவில் தவிட்டுப் பிஸ்கட் மற்றதைவிட எந்த விதத்திலும் மேலாக இல்லை. பிரிஸ்டல் சோதனைக்கு ஒரு வருஷம் முன்னால் வந்தது இது. ஆனால் பிரிஸ்டல்தான் நின்றது. ஒன்று, அந்த நேரத்தில் பர்கிட் அலை. இரண்டு, இந்த வியாதியில் எதைக் கொடுத்தாலும் கணிசமான பேருக்குக் கொஞ்ச நாள் சரியாகும். 'புது வைத்தியம் ஆரம்பித்திருக்கிறோம்' என்ற நினைப்பே பாதி மருந்து. முழுக்கோதுமை ரொட்டியின் நிறத்தை யாரிடம் மறைப்பது?

1988-இல் ஷெஃபீல்டில் டாம்லின், ரீட் என்ற இருவர் செய்ததைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். பிளாஸ்டிக்கைத் தவிட்டுத் தூள் அளவுக்கு வெட்டி ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தவிடு செய்த வேலையைப் பிளாஸ்டிக்கும் செய்தது. அதாவது, தவிட்டின் பேதி குணத்தில் ஒரு பங்கு சத்தால் வருவதே இல்லை. சொரசொரப்பான துகள் குடலைச் சீண்டுவதால் வருகிறது. மந்தமான குடலைச் சீண்டினால் நல்லது. ஏற்கெனவே சிலுப்பிக்கொண்டு நிற்கிற குடலைச் சீண்டினால்?

மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்ற டாக்டர் இதை நோயாளிகளிடமே கேட்டார். (ஐபிஎஸ்ஸுக்கு ஹிப்னாடிச சிகிச்சை உதவும் என்று 1984-இலேயே லான்செட்டில் சோதனை வெளியிட்டவர். அது தனிக்கதை.) 1994-இல் ஃபிரான்சிஸும் அவரும் 100 நோயாளிகளிடம் விசாரித்ததில், தவிடு தங்களை மோசமாக்கியது என்றவர்கள் 55 சதவீதம். உதவியது என்றவர்கள் வெறும் 10 சதவீதம். 17 வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு எழுதித் தந்த மருந்து!

இந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். பரவாயில்லை. மூன்று தடவை தோற்ற எனக்கு 55 பேர் துணை கிடைத்த மாதிரி இருந்தது.

ஆனால் நம் பக்கம் பேசுகிற கட்டுரையைத்தான் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும். வோர்வெலின் கிளினிக் பெரிய ஆஸ்பத்திரி. தவிடு கேட்டுக் குணமானவர்கள் அங்கே ஏன் வரப்போகிறார்கள்? குடும்ப டாக்டரிடம் தவிடு வாங்கித் தின்று சரியாகாதவர்கள்தானே வடிகட்டி அங்கே வந்து சேர்ந்திருப்பார்கள். இந்த ஓட்டையை அடைத்தது 2009-இல் நெதர்லாந்தில் நடந்த சோதனை. குடும்ப டாக்டர்களிடம் வந்த 275 பேர், மூன்று பிரிவு, 12 வாரம். ஒரு பிரிவுக்குத் தவிடு, ஒன்றுக்கு இசப்கோல், ஒன்றுக்கு வெறும் அரிசிமாவு. முதல் மாதத்தில் இசப்கோல் பிரிவில் 57 சதவீதம் பேருக்குப் போதுமான நிவாரணம், அரிசிமாவில் 35 சதவீதம். தவிட்டுப் பிரிவில்தான் பாதியில் ஓடியவர்கள் அதிகம், முக்கியக் காரணம் வயிறு மோசமானது. விடாமல் தாக்குப்பிடித்த சிலருக்குத் தவிடும் உதவியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதற்கு முந்தைய வருஷமே பிரிட்டிஷ் அரசின் வழிகாட்டுதல் மாறிவிட்டிருந்தது: ஐபிஎஸ்காரர்களுக்குத் தவிடு வேண்டாம், நார் தேவையென்றால் இசப்கோலோ ஓட்ஸோ. கரையும் நார், கரையாத நார் என்ற பிரிவினை அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. இசப்கோல் நம் குஜராத்தில் விளைந்து உலகத்துக்கே போகிறது. நம் வீடுகளில் தாத்தா மேஜையில் இருந்த டப்பா.

தவிடு ஒழிந்தது. ஆனால் என் சார்ட்டில் மற்ற வரிகள்? ஆப்பிள், தர்பூசணி, கொண்டைக்கடலை, வெங்காயம், காலிஃபிளவர்? அதற்கு மெல்போர்னுக்குப் போக வேண்டும். மோனாஷ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் கிப்சனும் உணவியலாளர் சூ ஷெப்பர்டும் 2005-இல் 'ஃபாட்மேப்' என்ற சொல்லை அறிமுகப்படுத்தினார்கள். சிறுகுடல் சரியாக உறிஞ்சாத சில சின்னச் சர்க்கரைகளுக்கு மொத்தமாக வைத்த பெயர். கோதுமை, வெங்காயம், பூண்டில் ஃப்ரக்டான். பருப்பு, கடலையில் கேலக்டோ வகை. பாலில் லாக்டோஸ். ஆப்பிள், மாம்பழத்தில் மிஞ்சி நிற்கும் ஃப்ரக்டோஸ். காலிஃபிளவரில் மானிட்டால். இவை தண்ணீரை இழுக்கும், அல்லது பெருங்குடலில் நொதித்து வாயுவாகும், அல்லது இரண்டும். 2014-இல் மோனாஷில் 30 ஐபிஎஸ்காரர்களுக்கு மூன்று வாரம் இவை குறைந்த சாப்பாட்டையும் மூன்று வாரம் வழக்கமான ஆஸ்திரேலியச் சாப்பாட்டையும் அவர்களே சமைத்துக் கொடுத்தார்கள். அறிகுறிகளின் அளவு ஏறக்குறைய பாதியானது.

அதே சுண்டலைத் தின்ற என் மனைவிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? இதற்கு நாட்டிங்ஹாமில் எம்ஆர்ஐ எடுத்துப் பதில் சொன்னார்கள், 2017-இல். ஐபிஎஸ்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் இந்தச் சர்க்கரைகளைக் கொடுத்துப் பார்த்தால், உள்ளே சேர்கிற வாயு கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆனால் அந்த உப்பலை ஐபிஎஸ்காரரின் குடல் வலியாக உணர்கிறது. வாயு எல்லோருக்கும் பொது, வலி நமக்கு மட்டும்.

இப்போது என் சார்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஓட்ஸைத் தவிர எல்லா வரியிலும் சிவப்புக்கோடு. ஒரு எடைக்குறைப்பு ஆலோசகர் எதையெல்லாம் 'வயிறு நிறையும், கலோரி குறைவு' என்று தேர்ந்தெடுப்பாரோ அதெல்லாம் மெல்போர்ன் பட்டியலில் தவிர்க்க வேண்டியவை. மெல்போர்ன் பட்டியலில் தாராளமாக அனுமதிப்பது என்ன? வெள்ளைச் சோறு, நெய், உருளைக்கிழங்கு, சர்க்கரை. சிப்ஸ் கூடப் போகலாம்! நான் ஒவ்வொரு தடவையும் தயிர்சாதத்திலும் உருளைக்கிழங்கு வறுவலிலும் போய் விழுந்ததற்குக் காரணம் நாக்கு மட்டும் இல்லை. 20 வருஷமாக எது வலிக்காது என்று குடல் கற்று வைத்திருந்தது. அதன் விலையைத்தான் தராசு காட்டியது.

சூயிங்கம்மைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் இருப்பது பெரும்பாலும் சார்பிட்டால், அதுவும் ஃபாட்மேப். 2008-இல் பெர்லின் டாக்டர்கள் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஓயாத வயிற்றுப்போக்கு, 21 வயதுப் பெண் 11 கிலோ இளைத்திருந்தார், இன்னொருவர் 22 கிலோ. எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் கண்டுபிடித்தது, நாள் முழுக்க மென்ற சூயிங்கம். நிறுத்தியதும் சரியானது. எடை குறைக்க உதவும் என்று எனக்கு எழுதிக் கொடுத்த பொருள் ஒரு விதத்தில் உதவத்தான் செய்யும் போல.

அதைப் படித்த பிறகுதான் இன்னொன்று உறைத்தது. ஐபிஎஸ்ஸில் எடை தானாகக் குறையாது. முயற்சி செய்யாமல் எடை குறைந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், ரத்தசோகை இருந்தால், வயிற்றுப்போக்கு தூக்கத்திலிருந்து எழுப்பினால், அது வேறு ஏதோ. உடனே டாக்டரிடம் போக வேண்டும். நம் சங்கடம் என்னவென்றால் நாம் எடையைக் குறைக்க முயற்சியும் செய்கிறோம். குறைந்தால் அது சாப்பாட்டாலா வியாதியாலா என்று எப்படித் தெரியும்? என் டாக்டரிடம் கேட்டேன். "எவ்வளவு குறைச்சுச் சாப்பிடறீங்க, எவ்வளவு எடை குறையுதுன்னு எழுதி வைங்க. கணக்கு ஒத்து வரலைன்னா வாங்க" என்றார். அன்றிலிருந்து எழுதி வைக்கிறேன்.

செய்தது இவ்வளவுதான். இரண்டு மாற்றத்தை ஒரே நேரத்தில் செய்தால் எது எதை உடைத்தது என்று தெரியாது, எங்கள் தொழிலின் பாலபாடம். அதனால் முதல் ஐந்து வாரம் எடையை மறந்துவிட்டு, வேறொரு உணவியலாளர் மேற்பார்வையில், மெல்போர்ன் பட்டியல் மட்டும். அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கூடாது. 2012-இல் லண்டன் கிங்ஸ் காலேஜில் பார்த்தபோது, நாலே வாரத்தில் குடலின் நல்ல பாக்டீரியாக்களில் ஒரு வகை குறைந்திருந்தது. அதனால் அப்புறம் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்த்தேன். வெங்காயமும் கோதுமையும் எனக்கு எதிரிகள் என்று தெரிந்தது. பால் ஒன்றும் செய்யவில்லை, 20 வருஷமாக வீணாகப் பயந்திருக்கிறேன். கொண்டைக்கடலை ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிட்டால் ஒரு கைப்பிடி தாங்குகிறது. அந்தச் சர்க்கரைகள் தண்ணீரில் இறங்கிவிடும். எண்ணெயில் இறங்காது. அதனால் பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை மட்டும் மிஞ்சும். அம்மா இதை "ஏமாத்து ரசம்" என்கிறார்.

அதற்கப்புறம்தான் எடை. இங்கே ஹீட்டன் மறுபடி உதவினார். அவருடைய தவிடு தோற்றது, ஆனால் அவருடைய ஆப்பிள் தோற்கவில்லை. மெல்ல வேண்டிய, நேரம் பிடிக்கிற, முழுசாக இருக்கிற சாப்பாடு குறைவாகவே உள்ளே போகும் என்பதற்கு ஆப்பிளே வேண்டும் என்று கட்டாயமில்லை. சுளை சுளையாக ஆரஞ்சு. பப்பாளித் துண்டு. வெள்ளரி, கேரட். சோறு அரை அளவு, கத்திரிக்காய்ப் பொரியல் இரண்டு அளவு, கூட முட்டையோ மீனோ. ராத்திரி ஒரு ஸ்பூன் இசப்கோல். நேரத்துக்குச் சாப்பிடுவது, அவசரமில்லாமல் சாப்பிடுவது. இந்தக் கடைசி இரண்டும் பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கும். ஆனால் 2015-இல் ஸ்வீடனில் 75 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்கு ஃபாட்மேப் பட்டியலும் மறுபாதிக்கு இப்படிப்பட்ட பழைய ஆலோசனைகளும் கொடுத்துப் பார்த்தார்கள். முன்னதில் 50 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது, பின்னதில் 46.

16 மாதத்தில் 94 இப்போது 85. மெதுவாகத்தான். நடுவில் ஒரு ரிலீஸ் நெருக்கடியில் இரண்டு கிலோ ஏறி இறங்கியது. மோசமான நாட்கள் இன்னமும் வருகின்றன, போன செவ்வாய்க்கிழமை கூட. ஈரல் ஸ்கேன் அடுத்த மாதம்.

முதல் சார்ட்டுக்காக வாங்கிய கோதுமைத் தவிட்டுப் பொட்டலம் பாதிக்கு மேல் சமையலறை அலமாரியில் கிடந்தது. போன வாரம் அம்மா அதைப் பால்காரரிடம் கொடுத்தார். மாடு ஒரே வேளையில் தீர்த்துவிட்டதாம். வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லையாம்.